சுங்கை சிப்புட் பூல் கடை: இரண்டாம் நம்பர் மேசையைக் கேளுங்கள்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஜாலான் பெசாருக்குப் பின்பக்கக் கடைவரிசையில், கீழ்த்தளத்தில் நடக்கிற பூல் கடையை, அதாவது மேசைமேல் கோலால் பந்தை அடித்துப் பாக்கெட்டில் போடுகிற ஆட்டத்துக்கான கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துவிட்டது. ஆனாலும் பட்டணத்தில் யாரிடம் போய் ‘பூல் கடை எங்கே’ என்று கேட்டாலும் கை காட்டிவிடுவார்கள். உள்ளே மூன்று மேசை. மூன்றும் மூன்று விதமாகக் கட்டப்பட்டவை. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். ஒரே கூரையின் கீழ், ஒரே கியூவை (பந்தை அடிக்கிற கோலை) வைத்துக்கொண்டு மூன்றிலும் மாறி மாறி ஆடினால், மேசையைக் கட்டிய விதம் ஆட்டத்தை என்ன செய்கிறது என்பது ஒரே மாலையில் கைக்குத் தெரிந்துவிடும். ஈப்போவில் உள்ள பெரிய இடங்களில் எல்லா மேசையும் ஒரே ரகமாக இருக்கும். அங்கே இந்தப் பாடம் கிடைக்காது.

நான் பாமாயில் மில்லில் ஃபிட்டராக வேலை பார்த்தவன். பம்பையும் மோட்டாரையும் ஒரே நேர்கோட்டில் உட்கார வைப்பதுதான் பிழைப்பு. அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனால் பேரிங் போய்விடும். அந்தக் கண்ணோடுதான் நான் பூல் மேசையைப் பார்க்கிறேன். நம் பிள்ளைகள் நானூறு, ஐந்நூறு வெள்ளிக்குக் கியூ வாங்குகிறார்கள், டிப் மாற்றுகிறார்கள், கையுறை போடுகிறார்கள். அவர்கள் ஆடுகிற மேசையின் அடியில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நம்பர் மேசை பேராக்கின் எந்தச் சின்னப் பட்டணத்துக்கும் பெருமை சேர்க்கும். ஒன்றாம் நம்பர், துளையில் காசு போட்டால் பந்து வருகிற சின்ன மேசை, பொழுதுபோக்குக்குப் போதும். மூன்றாம் நம்பரில் பழகுகிறவன் கெட்ட பழக்கத்தைத்தான் கற்றுக்கொள்வான்.

மூன்றாம் நம்பரிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நம் பையன்கள் கூட்டமாக நிற்பது அங்கேதான். மணிக்கு எட்டு வெள்ளி, மற்றதைவிட மலிவு. பார்க்கவும் அழகாக இருக்கும்: கறுப்பு பெயின்ட், நீலத் துணி, ஓரத்தில் பளபளப்பான தகடு. துணிக்கு அடியில் இருப்பது கல் இல்லை, மரநாரைப் பசையோடு சேர்த்து அழுத்திய எம்.டி.எஃப் பலகை. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது நேராகத்தான் வந்திருக்கும். ஆனால் நம் ஊர்க் காற்றை நினைத்துப் பாருங்கள். மத்தியானம் வெயில் கொளுத்தும், நாலு மணிக்கு மழை கொட்டும், கடை ஷட்டர் பாதி திறந்தே கிடக்கும். அந்தப் பலகை ஈரத்தை உறிஞ்சும், ஊதும், காயும், மறுபடி உறிஞ்சும். இரண்டு கால்களுக்கு நடுவில் இருக்கிற இடம் தன் பாரத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்யும்.

வேகமாக அடித்தால் இது தெரியாது. மெதுவாக உருட்டிப் பாருங்கள். வெள்ளைப் பந்து நேராகப் போகும், போகும், கடைசி ஓரடியில் வேகம் செத்ததும் இடது பக்கம் சாயும். இதனால்தான் அந்த மேசையில் ஆடுகிற பையன்கள் எல்லாரும் எல்லா ஷாட்டையும் ஓங்கி அடிக்கிறார்கள். மெல்ல அடித்தால் பந்து துரோகம் செய்யும் என்று கை கற்றுக்கொண்டுவிட்டது. பூலில் பாதி ஆட்டம் வெள்ளைப் பந்தை அடுத்த ஷாட்டுக்கு எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் இருக்கிறது. மெல்ல அடிக்கப் பயப்படுகிறவனால் அதைப் பழகவே முடியாது.

போன மாதம் ஒரு பையன் என்னிடம் வந்தான்.

“அங்கிள், என் கியூ வளைஞ்சிருக்கா பாருங்க. பேங்க் ஷாட் ஒண்ணுகூட விழ மாட்டேங்குது.”

பேங்க் ஷாட் என்றால் பந்து மேசை ஓரத்தில் மோதித் திரும்பிப் பாக்கெட்டில் விழ வேண்டிய ஷாட். கியூவை மேசைமேல் உருட்டிப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது.

“கியூவுக்கு ஒண்ணும் இல்லடா தம்பி. கொஞ்ச நேரம் ரெண்டாம் நம்பர்ல ஆடிட்டு வா. காசு நான் தரேன்.”

போனான். அவன் அடித்த பேங்க் ஷாட் எல்லாம் விழுந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் விழாத பந்துகூடப் பாக்கெட்டின் வாயைத் தொட்டுவிட்டு நின்றது. அவன் திரும்பி என்னைப் பார்த்த பார்வையிலேயே விஷயம் புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

இனி அந்த இரண்டாம் நம்பருக்கு வருகிறேன். இது ஒன்பது அடி மேசை. ஒன்பது அடி என்பது பேச்சுக்கு. பந்து ஓடுகிற இடம் 100 அங்குல நீளம், 50 அங்குல அகலம். உலகப் போட்டிகளில் வைக்கிற அளவு அதுதான். துணிக்கு அடியில் சிலேட்டுக் கல், ஓர் அங்குலக் கனம், மூன்று துண்டு. என் கணக்குப்படி ஒவ்வொரு துண்டும் தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது. சட்டம், கால், ஓரக்கட்டையான ரெயில் எல்லாம் சேர்த்தால் நானூறு கிலோவைத் தாண்டும். இந்தக் கடை மாடியில் இல்லாமல் கீழே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பழைய கடைவீட்டுப் பலகை மாடியில் இதை ஏற்றினால் மேசை நிற்கும், ஆனால் ஆள் நடக்கிறபோதெல்லாம் மட்டம் மாறும்.

கல் ஏன் என்று கேட்பவர்களுக்கு: சிலேட்டு மண்ணுக்கு அடியில் அழுத்தத்தில் அடுக்கடுக்காக இறுகிய கல். ஏடு ஏடாகப் பிளக்கலாம், இயந்திரத்தில் தேய்த்துக் கண்ணாடிபோல் தட்டையாக்கலாம், ஈரத்தை அவ்வளவாக வாங்காது. லண்டனில் ஜான் தர்ஸ்டன் என்கிற மேசைத் தச்சர் 1826இல் பில்லியர்ட்ஸ் மேசைக்குச் சிலேட்டைப் போட்டார். அதற்கு முன் எல்லாம் மரப்பலகைதான்; அந்தக் குளிர் நாட்டிலேயே பலகை வளைந்துகொண்டுதான் இருந்தது. இன்று இத்தாலியின் லிகூரியா பகுதியிலிருந்தும், பிரேசிலிலிருந்தும், சீனாவிலிருந்தும் கல் வருகிறது. எந்த நாட்டுக் கல் என்பதைவிட அதை எப்படித் தேய்த்தார்கள், எப்படி உட்கார வைத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

உலகப் பூல் சங்கத்தின் அளவு விதியைப் படித்தபோது எனக்கு மில் ஞாபகம்தான் வந்தது. நீளவாக்கில் 0.020 அங்குலத்துக்குமேல், அதாவது அரை மில்லிமீட்டருக்குமேல் ஏற்ற இறக்கம் இருக்கக்கூடாது. அகலவாக்கில் அதில் பாதி, கால் மில்லிமீட்டர். எழுதுகிற தாள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வருகிற கனம்தான் அது. அவ்வளவு நுணுக்கத்தைப் பலகை ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. கல் தாங்கும், ஆனால் ஒரு நிபந்தனை: அடியில் இருக்கிற மரச்சட்டம் நன்றாக இருக்க வேண்டும். கல்லும் நடுவில் ஆதாரம் இல்லாவிட்டால் தன் பாரத்திலேயே தொய்யும். இரண்டாம் நம்பருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். குறுக்குக் கட்டைகள் கனமானவை. கட்டைக்கும் கல்லுக்கும் நடுவில் மெல்லிய தகடுகள் சொருகி மட்டம் எடுத்திருக்கிறார்கள். காலுக்கு அடியில் சிகரெட் அட்டையை மடித்து வைக்கிற வேலை இல்லை. சட்டத்தை முதலில் மட்டமாக்கி, பிறகு கல்லைத் துண்டு துண்டாக மட்டமாக்கி, இரண்டு இணைப்பையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து பூசியிருக்கிறார்கள்.

அந்த இணைப்பில்தான் பல மேசைகள் தோற்றுப்போகும். குளிர் நாடுகளில் இணைப்பைத் தேன்மெழுகு ஊற்றி மூடுவார்கள். நம் வெக்கைக்கு மெழுகு இளகிவிடும், பிறகு ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். இங்கே கார்ப் பட்டறையில் ஒடுக்கு எடுத்தபின் பூசுவார்களே, அந்த மாதிரிக் கெட்டிப் பூச்சு போட்டுத் தேய்த்திருப்பதாகக் கடையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் சொன்னார். உங்கள் ஊர் மேசையைச் சோதிக்க ஒரு வழி: மூன்றில் ஒரு பாகத் தூரத்தில், பக்கவாட்டில் இருந்து பக்கவாட்டுக்கு அந்த இணைப்பின்மேலேயே ஒரு பந்தை மெல்ல உருட்டுங்கள். பிறகு நீளவாக்கில் அதைக் கடக்கிற மாதிரி உருட்டிக் காதைக் கொடுங்கள். ‘டிக்’ என்று சின்னச் சத்தம் வந்தால் இணைப்பு எழும்பியிருக்கிறது. இரண்டாம் நம்பரில் சத்தம் வரவில்லை. ரசமட்டத்தை நீளத்தில், அகலத்தில், குறுக்காக என்று வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவிலேயே நின்றது. கடை முதலாளியான தௌக்கே, தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், என்னவென்று கேட்டுவிட்டு ஒரு கோப்பி வாங்கிக்கொடுத்தார்.

குஷன் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நிதானமாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் இது நம் விஷயம்.

மேசையின் ஓரத்தில் துணிக்குள் மறைந்திருக்கிற குஷன் ரப்பர்தான். நல்ல குஷன் என்றால் பெரும்பங்கு இயற்கை ரப்பர், மரத்துப் பால். மலிவான குஷனில் நிரப்புப் பொடியும் செயற்கை ரப்பரும் அதிகமாக இருக்கும். என் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியலுக்கு முன் நெற்றி விளக்கோடு நிரைக்குப் போய், மங்குக் கிண்ணத்தில் பால் சேர்ந்ததும் வாளியில் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு நடப்பார். இந்தப் பட்டணத்தில் பூல் ஆடுகிற தமிழ்ப் பிள்ளைகள் பாதிப்பேருக்கு இப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்திருப்பார். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற கோலகங்சாரில்தான் 1877இல் கொண்டுவந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்பதை நட்டார்கள். அதில் ஒரு மரம் இன்றும் நில அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு நிற்கிறது. பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ரப்பர் வருவதற்கு முன் மேசை ஓரத்தில் கம்பளித் துணியையும் முடியையும் திணித்து வைத்திருந்தார்கள். பந்து போய் முட்டும், சோர்ந்து திரும்பும். அதே தர்ஸ்டன் 1835 வாக்கில் ரப்பரை வைத்துப் பார்த்தார். துள்ளல் அருமை, ஆனால் பச்சை ரப்பர் குளிரில் கல்லாகிவிடும். ஆட்டத்துக்கு முன் வெந்நீர் ஊற்றிய தகரப் பெட்டிகளைக் குஷன்மேல் வைத்துச் சூடு காட்ட வேண்டியிருந்தது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை வாங்கினார். அடுத்த ஆண்டே தர்ஸ்டன் பதப்படுத்திய ரப்பரில் குஷன் செய்தார். குளிருக்கும் வெயிலுக்கும் குணம் மாறாத குஷன் அதற்குப் பிறகுதான் வந்தது. இன்று நாம் இரண்டு குஷன், மூன்று குஷன் என்று கணக்குப் போட்டு அடிக்கிற ஷாட்டுக்கெல்லாம் அதுதான் அடிப்படை.

குஷனில் பார்க்க வேண்டியது மூன்று. ரப்பரின் உயிர், மூக்கின் உயரம், ரெயிலின் பிடிப்பு.

உயிர் என்றால் துள்ளல். பதப்படுத்திய ரப்பரும் வயதாக ஆக இறுகும். காற்றும் வெளிச்சமும் சூடும் அதைச் சாப்பிடும். இறுகிய குஷனில் பந்து பட்டால் சத்தமே வேறு. போட்டி மேசைக்கான சோதனை எளிது: ஒரு முனையிலிருந்து வெள்ளைப் பந்தை ஓங்கி நேராக அடித்தால், பந்து துள்ளி எழாமல் மேசையின் நீளத்தை நாலிலிருந்து நாலரை முறை கடக்க வேண்டும். இரண்டாம் நம்பரில் நாலைத் தொட்டது. மூன்றாம் நம்பரில் மூன்றைத் தாண்டவே திணறியது.

மூக்கு என்பது குஷனின் கூர்மையான முன்விளிம்பு. பூல் பந்தின் குறுக்களவு 57.15 மில்லிமீட்டர். அதில் 63.5 சதவீத உயரத்தில், சுமார் 36 மில்லிமீட்டரில், மூக்கு பந்தைத் தொட வேண்டும். ஒரு சதவீதம் கூடலாம், குறையலாம், அதற்குமேல் கூடாது. மூக்கு தாழ்ந்தால் வேகமாக வருகிற பந்து எகிறும். உயர்ந்தால் பந்தைத் துணியோடு சேர்த்து அமுக்கிவிடும், துள்ளல் செத்துப்போகும். நம் பக்கத்தில் நடக்கிற பெரிய தப்பு, பூல் மேசைக்கு ஸ்நூக்கர் குஷன் ரப்பரை ஒட்டுவது. ஸ்நூக்கர்ப் பந்து 52.5 மில்லிமீட்டர்தான், அதற்கான ரப்பரின் வடிவமே வேறு. மூன்றாம் நம்பரில் ஒரு நீளப் பக்கத்துக்கு அப்படித்தான் ஒட்டியிருக்கிறார்கள். ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். எதிர்ப்பக்கத்துக்கும் அதற்கும் கண்ணுக்கே தெரிகிற உயர வித்தியாசம். அந்தப் பையனுக்கு ஏன் பேங்க் ஷாட் விழவில்லை என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம். மட்டம் போன பலகை ஒரு பக்கம், இரண்டு விதமான குஷன் மறுபக்கம். உலகச் சாம்பியன் வந்தாலும் அந்த மேசையில் கோணம் கணிக்க முடியாது.

மூன்றாவது, ரெயிலின் பிடிப்பு. ரப்பர் ஒட்டியிருக்கிற மரரெயிலைக் கல்லோடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். ஒரு போல்ட் தளர்ந்தால் அந்த இடத்தில் பந்தின் வேகத்தை ரெயில் வாங்கிக்கொள்ளும். கையால் தட்டிப் பார்த்தால் கெட்டியான சத்தத்துக்குப் பதில் பொக்கென்று கேட்கும். இரண்டாம் நம்பரின் ஆறு ரெயிலையும் தட்டினேன். எல்லாம் ஒரே குரல். அண்ணன் துணி மாற்றும்போதெல்லாம் போல்ட்டை முறையாக இறுக்குகிறாராம். நடுப்போல்ட்டில் தொடங்கி இரண்டு பக்கமும் போவதாகச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையிலேயே அவர் வேலை தெரிந்தவர் என்று புரிந்துகொண்டேன்.

ரெயிலில் பதித்திருக்கிற வெள்ளைப் புள்ளிகள் வெறும் அலங்காரம் இல்லை. ஒன்பது அடி மேசையில் பன்னிரண்டரை அங்குலத்துக்கு ஒன்று. அதை எண்ணித்தான் குஷன் ஷாட்டின் கணக்கைப் போடுகிறார்கள். பிலிப்பீன்ஸின் எஃப்ரன் ரேயஸ் 1995இல் அமெரிக்காவின் ரீனோ நகரில் எர்ல் ஸ்ட்ரிக்லண்டுக்கு எதிராக இரண்டு குஷனில் பட்டு வந்து ஐந்தாம் நம்பர் பந்தைப் பாக்கெட்டில் போட்டது உலகம் முழுக்கப் பேசப்படுகிற ஷாட். அவருடைய கைக்கு ஈடு இல்லை. ஆனால் குஷன் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி பதில் சொன்னதால்தான் அந்தக் கணக்கு பலித்தது. மேசை பொய் சொன்னால் மேதையின் கணக்கும் பொய்த்துப்போகும்.

இன்னொன்றையும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். நல்ல குஷனிலும் ஓங்கி அடித்தால் பந்து ரப்பருக்குள் ஆழமாகப் பதிந்து, குறுகிய கோணத்தில் திரும்பும். மெல்ல அடித்தால் விரிந்து திரும்பும். இதை இரண்டாம் நம்பரில் ஒரே இடத்திலிருந்து ஒரே புள்ளியைக் குறிவைத்து, வேகத்தை மட்டும் மாற்றி மாற்றி அடித்துப் பழகலாம். அடிக்குத் தகுந்த பதில் வருகிற மேசையில் மட்டும்தான் இந்தப் பழக்கம் கைக்கு ஏறும்.

துணி. போட்டித் துணி என்பது முறுக்கிய நூலில் நெருக்கமாக நெய்தது. விதிப்படி குறைந்தது 85 சதவீதம் சீவிய கம்பளி, மீதி நைலான். மேலே பஞ்சு மாதிரி மயிர் இருக்காது. பெல்ஜியத்தின் சிமோனிஸ் 1680இலிருந்து துணி நெய்கிற பெயர். அந்த ரகத் துணி போட்டால் பந்து வழுக்கிக்கொண்டு போகும். இரண்டாம் நம்பரில் இருப்பது அந்தப் பிராண்டு இல்லை, ஆனால் அதே நெசவு முறை. நன்றாக இழுத்துப் போட்டிருக்கிறார்கள்; இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பார்த்தால் எழும்பாது. குறை என்னவென்றால் பழசாகிவிட்டது. ஆட்டம் தொடங்கப் பந்துகளை முக்கோணமாக அடுக்கி ரேக் வைக்கிற இடத்தில் சின்னச் சின்னக் குழி, அதைக் கலைக்கிற முதல் அடியான பிரேக் அடிக்கிற இடத்தில் வெள்ளைத் தடம். மெல்ல உருட்டுகிற பந்து அந்தக் குழியில் லேசாகத் தயங்கும்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் துணியைப் பற்றிப் பேசக்கூடாது. கம்பளி ஈரத்தை வாங்கும். மழை பெய்கிற சாயங்காலத்தில் பந்து கனத்ததுபோல் ஓடும், குஷன் கோணமும் மாறும். மூன்று குஷன் ஆட்டத்துக்கான, பாக்கெட் இல்லாத கேரம் பில்லியர்ட்ஸ் மேசையில் கல்லுக்கு அடியில் சூடு போடுகிற கம்பிகளை வைத்துத் துணியைக் காயவைக்கிறார்கள். இங்கே அதெல்லாம் எதிர்பார்க்க முடியாது. தௌக்கே ஏழு மணிக்குமேல் ஏர்கோன் போடுகிறார், ஷட்டரை இறக்குகிறார். எட்டரை மணிக்கெல்லாம் துணி காய்ந்துவிடுகிறது. ஆகவே மழை நாளில் போகிறவர்கள் எட்டரைக்குமேல் போங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

பாக்கெட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விதிப்படி மூலைப் பாக்கெட்டின் வாய் நாலரை அங்குலத்திலிருந்து 4.625 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். இரண்டாம் நம்பரின் வாய் அந்த அளவில்தான் இருக்கிறது. சாய்ந்து வந்தால் உதட்டில் ஆடிவிட்டு வெளியே வரும். மூன்றாம் நம்பரில் வாய் அகலம், எப்படி அடித்தாலும் விழும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கிறது. அப்படி விழுகிற பந்து நாளைக்கு ஈப்போவுக்குப் போய்ப் போட்டியில் ஆடும்போது விழாது.

ஒன்றாம் நம்பர் காசு மேசைக்கும் நியாயமாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும். ஏழு அடி, ஒரே துண்டுச் சிலேட்டு. இணைப்பே இல்லாததால் அந்தத் தொல்லையும் இல்லை. கல் மெல்லியது, ஆனால் மேசை சின்னதாக இருப்பதால் தொய்வு தெரியவில்லை. பந்து நேராகவே ஓடுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது வெள்ளைப் பந்து. மற்ற பந்துகள் விழுந்தால் உள்ளேயே தங்கிவிட வேண்டும், வெள்ளை மட்டும் திரும்பி வர வேண்டும். அதனால் இந்த மாதிரி மேசைகளில் வெள்ளைப் பந்தைப் பெரிதாகவோ கனமாகவோ செய்வார்கள். இங்கே இருப்பது கனமான ரகம். நேராக மோதினாலும் நிற்காமல் கொஞ்சம் முன்னே போகும். முன்னே ஓட்டுவது சுலபம், பின்னுக்கு இழுப்பது கஷ்டம். இதிலேயே பழகியவன் இரண்டாம் நம்பருக்கு வந்தால் முதல் அரை மணி நேரம் வெள்ளை அவன் நினைத்ததைவிடப் பின்னால் வந்து நிற்கும். ஆட்டத்துக்கு ஒரு வெள்ளி. ஆள் காத்திருக்கிற நேரத்தில் ஆட நல்ல மேசைதான்.

பந்துகள் பரவாயில்லை. இரண்டாம் நம்பருக்கு ஃபினாலிக் ரெசின் பந்துகள் வைத்திருக்கிறார்கள், துடைத்துப் பெட்டியில் அடுக்குகிறார்கள். கியூ முனையில் தேய்க்கிற சாக்குப் பொடி ஒட்டின பந்து மோதும்போது ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், திசை மாறும். அந்தத் தொந்தரவு இங்கே குறைவு. கடைக் கியூக்களில் நாலைந்து நேரானவை, மீதியை விட்டுவிடுங்கள். கழிவறை சுத்தம். சீருடையில் வருகிற மாணவர்களை உள்ளே விடுவதில்லை, அதில் தௌக்கே கண்டிப்பு; பெற்றோர்கள் நிம்மதியாக இருக்கலாம். புகை பிடிக்க வெளியேதான் போக வேண்டும்.

விளக்கு மட்டும் சரியில்லை. போட்டி மேசைக்குக் குறைந்தது 520 லக்ஸ் வெளிச்சம் மேசை முழுக்கச் சமமாக விழ வேண்டும் என்பது விதி. இங்கே இரண்டு டியூப் லைட், இரண்டும் நடுவில். நாலு மூலையிலும் பந்தின் நிழல் ஒரு பக்கமாக நீள்கிறது. மெல்லிய வெட்டு ஷாட்டில் எங்கே தொட வேண்டும் என்று கண் தடுமாறுகிறது. இவ்வளவு நல்ல கல்லையும் குஷனையும் வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் கை இறுக்கக்கூடாது. மேசை நீளத்துக்கு எல்.இ.டி. சட்டம் ஒன்று தொங்கவிட்டால் போதும். கம்பியும் ஆளும் நான் ஏற்பாடு செய்து தருகிறேன் என்று தௌக்கேயிடம் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் நம்பருக்கு மணிக்குப் பன்னிரண்டு வெள்ளி. மூன்றாம் நம்பரைவிட நாலு வெள்ளிதான் அதிகம். நாலு பேராகப் போனால் தலைக்கு ஒரு வெள்ளி. அந்த ஒரு வெள்ளிக்குக் கிடைப்பது மட்டம் பிசகாத கல், உயிருள்ள ரப்பர், ஒழுங்கான பாக்கெட். சனிக்கிழமை இரவில் மேசை கிடைக்காது. வார நாளில் எட்டரை மணிக்கு அண்ணனிடம் சொல்லிவைத்தால் ஒதுக்கிவைப்பார்.

தீபாவளிக்கு முன் இரண்டாம் நம்பருக்குத் துணி மாற்றப்போவதாகச் சொன்னார்கள். அண்ணனிடம் என் வேண்டுகோள்: துணியைக் கழற்றிய அன்றே இணைப்பையும் மட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், கல் கண்ணுக்குத் தெரிவது அந்த ஒரு நாள்தான். தௌக்கேக்கு ஒன்று: மூன்றாம் நம்பரின் பலகையை மாற்ற இப்போது முடியாவிட்டாலும், அந்த ஸ்நூக்கர் ரப்பரை உரித்துவிட்டு, பூலுக்கான ரப்பரை நாலு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரே கடையில் வாங்கிப் போடுங்கள். பழைய ரப்பரைச் சுரண்டி எடுக்க நான் வந்து நிற்கிறேன்.